கசண்டு

இந்த ஊர் எதைத் தின்கிறது என்று
மருத்துவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.
கழிவெண்ணெய் அள்ளுகிறவன் நான்.
லெக்சிங்டன், கெர்னி, கிராண்ட் ஐலண்ட்,
நடுவில் மக்காச்சோளம், மக்காச்சோளம், மக்காச்சோளம்.
எண்பதாம் நெடுஞ்சாலையில் என் லாரி போனால்
பின்னால் வருகிற காருக்குப் பசிக்கும்.

ஹெக்டர்ஸ் கடையின் பின்பக்கம்
வாரம் நாலு பீப்பாய் நின்ற காலம் உண்டு.
வெள்ளி இரவு கால்பந்து இருந்தால் ஐந்து.
குச்சி விட்டு அளப்பேன்.
காபியை விடக் கறுத்த எண்ணெய்,
அடியில் கசண்டு,
கசண்டில் ஒரு முறை யாருடைய கல்யாண மோதிரமோ.
(மரிசெலா ஒன்டிவெரோஸுடையது. கொடுத்தேன்.
அழவில்லை. மாவு படிந்த விரலில்
அப்படியே மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.
அன்றிலிருந்து எனக்குக் காசில்லாமல் வெங்காய வளையம்,
பதினோரு வருஷம்.)

முதலில் மூன்று பீப்பாய் ஆனது.
சாலையை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான்
என்றார் மேலாளர் வெண்டல் குசேரா.
சாலை போட்டு முடித்தார்கள்.
இரண்டானது.

அந்த வருஷம்தான் லினெட்
எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில்
எதில் எத்தனை கலோரி என்று ஒரு தாள் ஒட்டினாள்.
பள்ளிக்கூட ஆசிரியர்கள் மதியத்துக்கு
டப்பாவில் கீன்வா கொண்டுவர ஆரம்பித்தார்கள்.
சர்ச் விருந்தில் யாரோ
வறுக்காத கோழி வைத்துவிட்டார்கள்.
முதலில் தீர்ந்தது அதுதான்.

விசிட்டா தலைமை அலுவலகம் பெயின்ட் அனுப்பியது.
சிவப்புக் கூரை பச்சைக் கூரை ஆனது.
பட்டியலில் கேல் கீரைக் கிண்ணம்.
வெண்டல் சிரித்தார்:
"முன்னாடி சாலட் மேசையில்
ஐஸை மறைக்க இதை விரிப்போம்,
ராத்திரி குப்பையில் போடுவோம்.
இப்போ எட்டு டாலர்."
கீரை தின்கிறவன் ஹெக்டர்ஸுக்கு எதற்கு வருகிறான்,
ஹெக்டர்ஸுக்கு வருகிறவன் கீரையை என்ன செய்வான்.
குப்பைத் தொட்டியில் கிண்ணங்கள்
மூடி திறக்காமல் வாடிக் கிடந்தன.
கீரையில் எனக்கு ஒரு சொட்டும் கிடைக்காது.

ஒரு பீப்பாய்.
அதில் ஒரு முழம்.
ஒரு சாண்.
நாலு விரல்.

இதில் என் பங்கும் உண்டு, சொல்லிவிடுகிறேன்.
பிப்ரவரியில் என் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.
அதற்குப் பிறகும் மரிசெலா நீட்டுகிற பொட்டலத்தை
வாங்குவேன், நன்றி சொல்வேன்,
பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து ஓட்டுவேன்.
பதினைந்து மைல் மணக்கும்.
ஷெல்டன் வந்ததும், தண்டவாளத்தோரம்,
காக்கைகளுக்கு.
அவளிடம் சொன்னதில்லை.

அக்டோபர் கடைசி வியாழன்.
ஏணியில் நின்று ஒருவன்
பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
என் ரசீதில் வெண்டல் கையெழுத்துப் போட்டார்.
வருஷத்தைத் தப்பாக எழுதி,
அடித்து, மறுபடி எழுதினார்.
மரிசெலா மருத்துவமனைச் சமையலறையில் சேர்ந்துவிட்டாளாம்.
அங்கே எல்லாம் ஆவியில் வேகவைப்பதுதானாம்.

பீப்பாய் மூடியைத் திறந்தேன்.
விளிம்பு வரை நிறைந்திருந்தது.
பிரிக்காத எண்ணெய் டப்பாக்களைத்
திருப்பி எடுக்க விசிட்டா மறுத்துவிட்டதாம்.
பீப்பாயைக் கழுவிக் காயவைத்து
அத்தனையையும் ஊற்றியிருக்கிறார் மனிதர்.
ஒரு உருளைக்கிழங்குகூட விழாத எண்ணெய்,
தேன் நிறம்.
இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறை
அடித்தகடு தெரிந்தது,
அதில் ஒரு பற்றவைப்புத் தழும்பு.

நிறைந்ததை அளக்கத் தேவையில்லைதான்.
குச்சியை விட்டேன், எடுத்தேன்.
எண்ணெய் எதுவரை ஏறியிருக்கிறது என்று
வெயிலில் சாய்த்துச் சாய்த்துப்
பார்க்கவேண்டியிருந்தது.